நூல் பிடித்துப் பாருங்கள்!



மலருக்கு ஏதாவது எழுது, எழுது என்று யூனியன் செயலாளர் இரண்டு வாரமாகத் துரத்தினார். கவிதைக்கு நம்ம செட்டிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது பைக் ஒன்றுதான். அதுவும் செகண்ட் ஹேண்ட் பைக்.

என் கையில் இருந்தது 50,000 ரூபாய். பாதி, விடுமுறையில் லேத் பட்டறையில் நின்று சம்பாதித்தது. மீதி, அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தது. திருச்சியிலிருந்து ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் ஊருக்குச் சுமார் 130 கிலோமீட்டர். சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்பணும். மாதம் ஒரு முறை அம்மாவைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும். தேடியதில் இரண்டு வண்டி தேறியது. ஒன்று 2008 ஹீரோ ஹோண்டா கரிஸ்மா, ஒரே கை. இன்னொன்று 2013 பஜாஜ் பல்சர் 220, மூன்றாவது கை.

ஹாஸ்டலில் ஓட்டெடுப்பு நடத்தினால் பல்சர்தான் ஜெயிக்கும். ஜெயித்தது. காரணம் கேட்டால் எல்லோரும் சொன்னது ஒரே கணக்கு: அதில் 21 குதிரை சக்தி, இதில் 17. நானும் தலையாட்டினேன். கன்சல்டிங் கடையில் 2,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் யோசிக்கவே உட்கார்ந்தேன். (டிப்ளமோ மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு! சிரிக்காதீங்க.)

அந்த 21 வருவது சுமார் 8,500 ஆர்.பி.எம்.மில். கரிஸ்மாவின் 17 வருவது 7,000த்தில். முறுக்கு விசையைப் பாருங்கள்: பல்சரில் 19.12 நியூட்டன் மீட்டர், 7,000த்தில். கரிஸ்மாவில் 18.35, அதுவும் 6,000த்திலேயே. வித்தியாசம் ஒன்றுகூட இல்லை! பவர் என்பது முறுக்கு விசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கி வருவது என்று செமஸ்டருக்கு செமஸ்டர் எழுதுகிறோமே, அதேதான். பின்னால் அம்மாவை வைத்துக்கொண்டு 8,500 வரை யார் முறுக்கப் போகிறோம்?

சரி, எண்களை விடுங்கள். மறுநாள் ஒரு நைலான் நூலோடு கடைக்குப் போனேன். பின் டயரில் கட்டி, இரண்டு பக்கமும் முன்னால் இழுத்து, முன் டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தேன். ஒரு பக்கம் அதிகம். செயின் அட்ஜஸ்டரில் பின் சக்கரத்தை நேராக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். அப்பவும் கோணல்தான். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பினால் நடுவில் ஒரு இடத்தில் சிக்கி நின்றது. ஹேண்டில் போய் முட்டுகிற இடத்தில் சேஸிஸ் நசுங்கி, மேலே புது பெயிண்ட். யாரோ முன்னால் எங்கேயோ பலமாக மோதியிருக்கிறார்கள். ஆர்.சி.யில் பைனான்ஸ் ஹெச்.பி.யும் கேன்சல் ஆகவில்லை.

கடைக்காரரிடம் கேட்டேன். "தம்பி, பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும். அட்வான்ஸ் ரிட்டர்ன் கிடையாது" என்றார். 2,000 போச்சு. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த மலர் வீட்டுக்குப் போனால் தெரிந்துவிடும்.

பல்சர் மோசம் என்று நான் எழுதியதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். அடிபடாத 220 கிடைத்திருந்தால் முடிவு கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும், பின்னாலும் டிஸ்க் பிரேக். கரிஸ்மாவில் பின்னால் டிரம்தான், சில பார்ட்ஸுக்கு அலைய வேண்டியிருக்கிறது. நான் வாங்கியதும் புத்தம் புதுசு இல்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வெள்ளையும் நீலமுமாய்ப் புகை. ஓடிச் சூடானதும் நின்றுவிடும். வால்வ் சீல் தேய்ந்திருக்கிறது. டைமிங் செயினும் சத்தம் போட்டது. ஆனால் நூல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்தது. தேய்ந்ததை மாற்றலாம், வளைந்த சேஸிஸை என் காசில் என்ன செய்ய முடியும்? உரிமையாளர் 2023இல் பதினைந்து வருஷம் முடிந்ததும் பதிவை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்து வைத்திருந்தார். 29, 30 ஃபாரங்களில் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாங்கினவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்கணும் என்று சட்டமே இருக்க, அடுத்தவர் பெயரிலேயே வருஷக்கணக்கில் ஓட்டும் நண்பர்கள் நம் ஹாஸ்டலில் எத்தனை பேர், கை தூக்குங்க பார்ப்போம்!

ஒன்றை நான் யோசிக்கவே இல்லை, அம்மாதான் சொன்னார். 220இல் சீட் இரண்டாகப் பிரிந்து பின்சீட் உயரத்தில் இருக்கும். சேலை கட்டி ஒருபக்கமாக உட்கார்பவர்களுக்கு அது ஆகாது. கரிஸ்மாவில் ஒரே நீள சீட். போன மாதம் திண்டுக்கல் போய் வந்தோம். "பரவாயில்லப்பா, இடுப்பு வலிக்கல" என்றார்.

டைமிங் செயின் மாற்றியாச்சு. வால்வ் சீல் அடுத்த மாதம். பழைய வண்டி பார்க்கப் போகிற ஜூனியர்கள் முதலில் என் அறைக்கு வாங்க, நூல் தருகிறேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாடி வாங்க!