அம்மாவுக்கு ஒரு பந்தல்

"கூடாரமெல்லாம் எனக்கு வேணாம்ப்பா. காருக்குப் பக்கத்துல நிழல் இருந்தா போதும்."

போர்ட்டிக்சன் கடற்கரையில் முகாம் போடலாம் என்றதும் அம்மா வைத்த நிபந்தனை இது. காரில் பொருத்தும் ரெடிமேட் பந்தலின் விலையைப் பார்த்தேன். வானொலியில் வாய் ஓயாத எனக்கே பேச்சு நின்றுவிட்டது.

சரி, நாமே செய்வோம். 3 மீட்டருக்கு 2 மீட்டர் தார்ப்பாய். ஒரு பக்கத்தைக் காரின் கூரைக் கம்பியில் கட்டினேன். மறுபக்கத்துக்கு இரண்டு அலுமினியக் கம்புகள், நைலான் கயிறு. மொத்தச் செலவு 70 வெள்ளி.

மாலையில் மழை பிடித்தது. பாயை மட்டமாகக் கட்டியிருந்தேன். நடுவில் தண்ணீர் தேங்கி, கம்பு சாய்ந்து, அத்தனையும் அம்மாவின் நாற்காலி அருகே கொட்டியது. ஒரு சதுர மீட்டரில் 1 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே 10 கிலோ எடை. ஓரடி தள்ளி உட்கார்ந்திருந்ததால் தப்பினார்.

நீங்கள் கட்டும்போது ஒரு கம்பை உயரமாகவும், மற்றதைக் கார் கூரையைவிட ஓரடி தாழ்வாகவும் வையுங்கள். தண்ணீர் அந்த மூலை வழியே ஓடிவிடும். மணலில் முளை நிற்காது. பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டிப் புதையுங்கள். காற்று பலத்தால் பந்தலைப் பிரித்துவிடுங்கள். இடி இடித்தால் காருக்குள் போய்விடுங்கள்.

அம்மா இப்போதும் எங்களோடு வருகிறார். ஏறும் முன் ஒரே கேள்வி: "மூலையைத் தாழ்த்திக் கட்டுவதானே?"