காக்கை செத்தால் யாருக்குத் தோஷம்?

நம் நாட்டில் ஒரு வீட்டு முற்றத்தில் காக்கை ஒன்று செத்து விழுந்துவிட்டால், அவ்வீட்டார் முதலில் தேடுவது யாரை? மிருக வைத்தியரையல்ல, ஜோசியரை. அவரும் பஞ்சாங்கத்தைப் புரட்டி, சனி பார்வை என்றோ, பிதுர்க்கள் கோபம் என்றோ, எட்டுச் சனிக்கிழமை எள் தீபம் என்றோ ஏதேனும் ஒன்றைச் சொல்லித் தட்சணையை மடியில் முடிந்துகொள்கின்றார். வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளிக்கப்படுகின்றது. காக்கையைத் தெருக்கூட்ட வரும் தோழர் வெறுங்கையால் தூக்கிக் குப்பையில் எறிகின்றார். அதற்கு முன்பே வீட்டுப் பூனை அதைப் பிடுங்கித் தின்றாகிவிட்டது. இரவு அது பிள்ளைகளின் பாயில் வந்து படுத்துக்கொள்கின்றது. தோஷம் எங்கே இருக்கின்றது என்று இவர்களில் ஒருவராவது யோசித்ததுண்டா என்று கேட்கின்றோம்.

அந்தத் தோஷத்திற்குப் பறவைக் காய்ச்சல் என்று பெயர். இன்று உலகெங்கும் திரிகின்ற எச்5என்1 என்னும் கிருமியின் வமிசம் 1996ல் சீன தேசத்துக் குவாங்டங் மாகாணத்தில் ஒரு வாத்தினிடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 1997ல் ஹாங்காங்கில் 18 பேரைப் பிடித்து 6 பேரைக் கொன்றது. 2003 முதல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கில் ஏறிய மனிதர்கள் தொள்ளாயிரத்துக்கு மேல். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டுபோனார்கள். நம் தேசத்தில் 2006ல் மகாராஷ்டிரத்து நவாப்பூர்க் கோழிப் பண்ணைகளில் முதன்முதல் வந்தது. 2020 கடைசியிலும் 2021 ஜனவரியிலும் இராஜஸ்தானத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் இதன் பங்காளியாகிய எச்5என்8 கிருமியால் காக்கைகள் கூட்டங்கூட்டமாய்ச் செத்து விழுந்தன. ஊருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று முதலில் தகவல் சொன்னவை அந்தக் காக்கைகள்தான். அந்தத் தகவலைப் பிதுர்லோகத்துத் தகவலாக்கிக் காசு பண்ணுகிறவனை என்னவென்று சொல்லுவது?

ஜனங்களைப் பயப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. மனிதனுக்கு இது எளிதில் ஒட்டுவதில்லை. மனிதனிடமிருந்து மனிதனுக்கு விடாமல் பரவும் சக்தியை இக்கிருமி இதுவரை அடையவுமில்லை. ஆனால் பூனையின் விஷயம் வேறு. பூனைக்கு வந்தால் காய்ச்சல், தீனி வெறுப்பு, தள்ளாட்டம், வலிப்பு, மூச்சுத் திணறல், பிறகு பெரும்பாலும் சாவு. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாடாவில் வீட்டுப் பூனைகளிடத்திலேயே இக்கிருமி காணப்பட்டது. நாய்க்கு அவ்வளவு எளிதில் வருவதில்லை என்றாலும், 2023ல் கனடாவில் காட்டு வாத்தைக் கடித்த நாய் ஒன்று செத்தது. அதே ஆண்டு போலந்து தேசத்தில் பூனைகள் வரிசையாய்ச் செத்தபோது, அவற்றுக்குப் போட்ட பச்சைக் கோழி மாமிசத்தின்மேல்தான் சந்தேகம் விழுந்தது.

இந்த இடத்தில் நமது சைவ சிகாமணிகள் குதித்து வருவார்கள். "பார்த்தீர்களா! கோழி தின்ற பாவம்" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள் ஐயா! 2024 மார்ச்சில் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்துப் பால் பண்ணை ஒன்றில், காய்ச்சல் கண்ட பசுக்களின் காய்ச்சாத பாலைக் குடித்த பூனைகளில் பாதிக்குமேல் நோயுற்றுச் செத்தன. பசுவின் பாலைக் குடித்த இப்பூனைகள் எந்த ஜன்மத்துப் பாவத்தைச் செய்தன? கோமாதாவின் மடியிலிருந்து வந்த பாலானாலும் கிருமி கிருமிதான். காய்ச்சினால் சாகும், காய்ச்சாவிட்டால் கொல்லும். கோழியும் அப்படியே. உள்ளெல்லாம் 70 டிகிரி சூடு ஏறும்படி வெந்த கோழியையும், நன்றாய் வெந்த முட்டையையும் தின்பதால் இந்நோய் வருவதில்லை. ஆந்திராவில் 2025 மார்ச்சில் இரண்டு வயதுக் குழந்தையொன்று இந்நோயால் இறந்தது; அக்குழந்தை பச்சைக் கோழித் துண்டைத் தின்றதாகச் சேதி வந்தது. அடுப்பில் வேகாத அந்தத் துண்டைப் பற்றிப் பேசாமல், மாமிசம் தின்னும் ஜாதிகளைப் பற்றிப் பேசுவது யோக்கியமா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சனிக்கு வாகனம் காக்கை. முருகனுக்குக் கொடி சேவல். துர்க்கைக்கு வாகனம் புலி. இம்மூன்றையும் இக்காய்ச்சல் பார்த்துப் பார்த்துக் கொன்றிருக்கிறது. 2004 அக்டோபரில் தாய்லாந்தில் ஸ்ரீராச்சா என்னும் ஊரின் காட்சிச்சாலையில் பச்சைக் கோழி தின்ற 441 புலிகளில் 147 செத்தும் கொல்லப்பட்டும் ஒழிந்தன. 2024 டிசம்பரில் நாகபுரிக் கோரேவாடாவில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் செத்தன. தன் வாகனத்தின் காய்ச்சலைத் தணிக்க முடியாத தெய்வமா உங்கள் வீட்டுப் பூனைக்குக் காவல்? வீதியில் கூண்டோடு உட்கார்ந்து ஊரார் தலையெழுத்தைச் சீட்டெடுக்கும் கிளிக்குத் தன் கூண்டுக்கு வரப்போவது தெரிந்ததாக இதுவரை நாம் கேட்டதில்லை.

"மஞ்சளும் கிருமிநாசினிதானே" என்று கேட்கும் படித்த கூட்டமொன்று இப்பொழுது புறப்பட்டிருக்கிறது. 2020 மார்ச்சில் டில்லியில் இந்து மகாசபைக்காரர்கள் கொரோனாவுக்கு மாட்டு மூத்திர விருந்து நடத்தியதும் இதே விஞ்ஞானந்தான்! இக்கிருமிக்கு மேலே கொழுப்பாலான ஓர் உறை இருக்கின்றது. சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடுவதால் கிருமி செத்துப்போகிறது. வாசற்படியில் தெளித்த மஞ்சள் தண்ணீர், காக்கையைத் தொட்ட கையை எப்படிக் கழுவும்?

ஆகவே வீட்டில் பிராணி வளர்க்கும் தோழர்கள் செய்ய வேண்டியது மிகச் சொற்பம். அக்கம்பக்கத்தில் பறவைகள் சாகிற சேதி கேட்டவுடன் பூனையை வீட்டுக்குள் வையுங்கள், கத்தினால் கத்தட்டும். கோழி அறுத்த கழிவையும் பச்சைத் தலை காலையும் அதற்குப் போடாதீர்கள், வேகவைத்துப் போடுங்கள். பத்து நாளைக்கு வேண்டிய தீனியையும், சோப்பு, கையுறை, முகமூடி, தடித்த பைகள் ஆகியவற்றையும் முன்கூட்டி வாங்கி வையுங்கள். கால்நடை ஆஸ்பத்திரியின் டெலிபோன் எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். கூண்டுப் பறவையின் தண்ணீர்ப் பாத்திரத்தில் வெளிப்பறவை வாய் வைக்காமலும் எச்சமிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தையில் வாங்கிய புதுக்கோழியை இரண்டு வாரமாவது தனியே அடையுங்கள். கோழிச் சந்தைக்குப் போய்வந்த செருப்போடு கூண்டண்டை போகாதீர்கள். பிதுர்க்களுக்குச் சோறு வைத்தே தீரவேண்டும் என்கிறவர்கள் காக்கைகளை மொட்டைமாடிக்குக் கூட்டி அழைப்பதை அந்தச் சமயத்திலாவது நிறுத்தட்டும். பிதுர்க்கள் பட்டினியால் இரண்டாந்தரம் சாகப்போவதில்லை.

பூனை தள்ளாடினால் அதைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்துவைத்து, வைத்தியரிடம் முன்னமே சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள். செத்த பறவையையோ நோய்கண்ட பிராணியையோ தொட்டவருக்குக் காய்ச்சலோ கண் சிவப்போ கண்டால், தொட்ட விஷயத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் சாதாரணச் சளிக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடக்கூடும்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. கொல்லையில் நாலு கோழி வளர்க்கும் ஏழை, கோழி செத்ததை ஏன் மறைக்கிறாள்? சொன்னால் மீதியையும் பிடித்துக் கொன்று புதைப்பார்கள், பணம் எப்பொழுது வருமோ என்ற பயத்தினால்தான். கோழியைப் பிடிக்கிற அன்றைக்கே அதன் விலையைக் கையில் கொடுத்துப் பாருங்கள். ஒரு கோழியும் மறைக்கப்படாது.

கடைசியாக அந்தத் தெருக்கூட்டும் தோழர். செத்த காக்கையைத் தொடுவது தீட்டு என்று ஒதுங்குகிறவர்கள், அதை அவர் கையால் எடுக்கச் சொல்லுகிறபோது அவருக்கும் நுரையீரல் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். கையுறை மாட்டிக்கொண்டு, முகமூடி கட்டிக்கொண்டு, பையால் காக்கையை மூடி எடுத்து இறுக்கிக் கட்டி, கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சேதி சொல்லி, சோப்புப் போட்டுக் கை கழுவ ஒரு வீட்டுக்காரருக்குக் கால் மணி நேரம் போதும். முற்றமும் உங்களுடையது, பூனையும் உங்களுடையது. காக்கையை மட்டும் அவர் ஏன் வெறுங்கையால் தூக்க வேண்டும்?