பால்குடி மறந்ததா, மறக்கடிக்கப்பட்டதா?

தமிழில் 'பால்குடி மறந்த குட்டி' என்கிறோம். மறந்தது குட்டி என்கிறது இலக்கணம். கொட்டிலில் நடப்பதோ வேறு. தாயிடமிருந்து பிரித்து, வேற்று ஈற்றுக் குட்டிகளோடு அடைத்து, அதே நாளில் தீவனத்தையும் மாற்றிவிடுகிறோம். அடுத்த சில நாள்களில் பன்றிக்குட்டி நீராய்க் கழிந்தால், பழி முழுவதும் கிருமியின்மேல் விழுகிறது.

கிருமி இல்லாமல் இல்லை. நச்சு சுரக்கும் ஈ.கோலை பாக்டீரியா சிறுகுடற்சுவரில் ஒட்டிக்கொள்ள, குடல் நீரையும் உப்பையும் வெளியே இறைக்கிறது. குட்டி உலர்ந்து சாகிறது. ஆனால் பன்றியின் நஞ்சுக்கொடி எதிர்ப்பொருள்களைக் கருவுக்குக் கடத்துவதில்லை. சீம்பாலும் அதன்பின் அன்றாடம் கிடைக்கும் பாலுமே குட்டிக்குக் காவல். அதன் சொந்த எதிர்ப்பாற்றல் முதிருமுன் அக்காவலை விலக்குபவர் நாம்.

நெடுங்காலம் இதற்கு எளிய விடை, தீவனத்தில் கலந்த நுண்ணுயிர்க்கொல்லி. கொலிஸ்டினை முறியடிக்கும் எம்.சி.ஆர்-1 மரபணு சீனத்தில் பன்றிகளிடமும் மனிதரிடமும் இருப்பது 2015-இல் வெளியாயிற்று. மனித மருத்துவத்தின் கடைசிப் புகலிடங்களுள் ஒன்று அம்மருந்து. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைத் தருவதை இந்தியா 2019 ஜூலையில் தடைசெய்தது. தடை சரியே. மருந்தை எடுத்த இடத்தில் எதை வைத்தோம் என்பதே என் கேள்வி.

திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பன்றி ஆராய்ச்சியும் அங்கு உண்டு. அறிவுக்குப் பஞ்சமில்லை. ஆந்திரத்தில் பன்றி வளர்ப்பை மரபாகக் கொண்டோருள் எருகலரும் அடங்குவர். அவர்தம் மொழி தெலுங்கைவிடத் தமிழுக்கே நெருங்கியது (மொழியியல் படித்தவன் இதைச் சொல்லாமல் போக இயலாது). சித்தூரிலும் திருப்பதியிலும் களப்பணி செய்வோர், கழிச்சலின் நிறத்துக்கும் நாற்றத்துக்கும் அவர்கள் வைத்திருக்கும் சொற்களை முதலில் கேட்க வேண்டும். நீர்க்கழிச்சல் வேறு, குருதி கலந்த கழிச்சல் வேறு. காரணமும் மருந்தும் வேறு. தமிழில் 'வெள்ளைக்கழிச்சல்' என்றால் அது கோழியின் ராணிக்கேட் நோய். பன்றிக்கு அச்சொல்லைத் துண்டறிக்கையில் அச்சிட்டால் என்ன ஆகும்?

தாயருகில் இருக்கும்போதே தீவனத்தைச் சிறுகச் சிறுகப் பழக்குதல், ஓரீற்றுக் குட்டிகளைக் கலைக்காதிருத்தல், உலர்ந்த வெதுவெதுப்பான படுக்கை, கழியத் தொடங்கியதும் உப்புச்சர்க்கரை நீர்: இவற்றுள் எதற்கும் மருந்துக்கடை தேவையில்லை. வளர்ப்பவருக்குப் புரியும் மொழியில், கொட்டிலுக்கே சென்று சொல்ல ஆள்தான் வேண்டும்.