பரிவலுவும் நடுவுநிலையும்

ஒப்பாரோடு ஒப்பாரை நிறுத்தி ஓடவிடுவதே பந்தயத்தின் முதல் அறமாகும். பதினைந்து வயதுச் சிறுவனையும் பத்தொன்பது வயது இளைஞனையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் செய்தால், முடிவு ஓட்டத்திற்கு முன்னரே தெரிந்துவிடும். ஆகையாற்றான் நம் கல்லூரி மைதானத்தில் வயதுப் பிரிவுகள் வகுக்கப்பட்டன. யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரியிலும் காளைகளைத் தரம் பிரித்தே ஓடவிடுகின்றோம். பிரிவு செவ்வனே அமைந்தால் தோற்றவனும் மனம் நிறைந்து வீடு செல்வான்; பிரிவு பிழைத்தால் வென்றவனுக்கும் அவ்வெற்றி உள்ளூர இனிப்பதில்லை.

இவ்வெண்ணத்தை அண்மையில் என்னுட் கிளறியவர் ஒரு நண்பர். என்னோடு ஒரே வாங்கில் இருந்து கற்றவர். இப்போது கனடாவில் வாழ்பவர். இவ்விழாவின் பொருட்டு ஊர் வந்திருந்தார். 1960களிற் செய்யப்பட்ட அமெரிக்கக் கார் ஒன்றைத் தம் கையாலேயே செப்பனிட்டு, ஓய்வு நாள்களில் ‘டிறாக்’ பந்தயத்தில் ஓட்டுகின்றார். கால் மைல், அதாவது 1,320 அடி நீளமுள்ள நேர்பாதையில், இரண்டிரண்டு வண்டிகளாக ஓடுவது அப்பந்தயம். அமெரிக்காவில் 1951ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசிய ஹொட் றொட் சங்கம் அதற்கு விதி வகுக்கும் பெருஞ்சங்கமாகும். புதிய கார்கள் தம் பிரிவினுள் நுழைந்தபின் தமக்கு வெற்றி அரிதாயிற்று என்று நண்பர் கூறினார். “தோல்வி எனக்குப் புதிதன்று, பொய்யான எண்ணுக்குத் தோற்பதைத்தான் மனம் ஏற்கவில்லை” என்பது அவர் முறையீடு. அம்முறையீடு நியாயமானதே என்பது என் துணிபு.

பிரிவு வகுக்கும் விதி எளியது. வண்டியின் எடையை அதன் பரிவலுவால் வகுத்து, வரும் ஈவைக் கொண்டு பிரிவு குறிப்பர். 3,400 இறாத்தல் எடையுள்ள வண்டிக்கு 340 பரிவலு என்று எழுதப்பட்டால், ஒரு பரிவலு 10 இறாத்தலை இழுக்க வேண்டும். அதே வண்டியின் உண்மை வலு 425 ஆயின், ஒரு பரிவலுவின் பங்கு 8 இறாத்தலே. தாளிற் பத்தும் தரையில் எட்டுமாக நிற்கும் வண்டி, உண்மையாகவே பத்தான வண்டியோடு மோதுவது போட்டியாகாது. பிரிவுப் பட்டத்துக்கான ஓட்டத்தில் இரண்டும் ஒரே கணத்திற் புறப்படுவதால், அவ்வேற்றுமையை ஈடுசெய்ய வேறு வழியும் இல்லை.

பரிவலு என்பது ஐயத்துக்கு இடமான அளவா எனின், அன்று. ஒரு நிமிடத்தில் 33,000 அடி-இறாத்தல் வேலை செய்யும் ஆற்றலே ஒரு பரிவலு என்று ஜேம்ஸ் வாற்று வரையறுத்தார். ஐயம் அளவில் இல்லை, அளப்பவனிடத்திலேயே உள்ளது. நம் ஊர் வீதிகளில் நெடுங்காலம் ஓடிய ஒஸ்ரின் ஏ 40 காரின் பெயரிலுள்ள 40 என்பது அதன் எந்திரம் ஏறத்தாழத் தரும் பரிவலுவைக் குறித்தது. அதற்கு மூத்த ஒஸ்ரின் ஏழின் பெயரிலுள்ள எண்ணோ, பிரித்தானியர் வரி அறவிடுவதற்காக உருளைகளின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் கொண்டு கணித்த எண். உண்மை வலு அதனினும் கூடியது. வரி விட்டத்தின்மேல் விழுந்தமையால், செய்வோர் விட்டத்தைச் சுருக்கி உருளையை நீட்டிக்கொண்டனர். எண்ணால் நன்மை விளையுமிடத்து, எண்ணுக்கேற்ப எந்திரமே வளைந்துவிடும் என்பதற்கு இது சான்று.

நாங்கள் மாணவராயிருந்த 1990களிற் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடையாதபோது, நண்பரின் தந்தையார் தம் ஏ 40 காரைச் சிறிது பெற்றோல் காட்டி இயக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினார். பின்னே புகை, முன்னே ஏற்றம் கண்டால் இரைப்பு. பெயரில் 40 அப்படியே இருந்தது. அத்தனை பரிவலுவும் வண்டியில் இல்லை என்பதை ஏறியிருந்த எவரும் அறிவர். எழுதிய எண் வேறு, இழுக்கும் வலு வேறு என்னும் பாடத்தை நாம் அங்கேயே கற்றோம்.

பந்தய உலகில் இவ்வேற்றுமை பழையது. 1968ஆம் ஆண்டில் போர்ட் நிறுவனம் தன் 428 கோப்ரா ஜெற் எந்திரத்துக்கு 335 பரிவலு என்றே எழுதியது. அது 400ஐத் தாண்டியது என்பர் அறிந்தோர். செவர்லே கோர்வெற்றின் எல் 88 எந்திரத்துக்கு 430 என்று குறிக்கப்பட்டது. அதனினும் மெலிந்த உடன்பிறப்பான எல் 71 எந்திரத்துக்கோ 435. தம்பிக்குக் கூட்டி அண்ணனுக்குக் குறைத்தெழுதிய விந்தை இது! யப்பானிலும் 1989 முதல் 2004 வரை, எத்துணை வலிய காராயினும் 280க்கு மேல் எழுதுவதில்லை என்று நிறுவனங்கள் தம்முள் உடன்பட்டிருந்தன. 2008ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்க நிறுவனங்கள் டிறாக் பந்தயத்துக்கென்றே புதிய கார்களைத் தொழிற்சாலையிற் செய்து விற்கின்றன. அவற்றுட் பல, எந்திரத்துட் காற்றை அமுக்கிச் செலுத்தும் பொறி பூண்டவை. அவற்றின் முதல் எண், அக்கார் வெல்வதால் நன்மை பெறும் நிறுவனத்தின் கூற்றிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகின்றது.

எதிர்த்தரப்பாரின் கூற்றையும் கேட்டல் முறை. புதிய கார் வராவிடின் பந்தயம் மூப்படைந்து மறையும் என்பர், அது மெய். ஒருவகை எந்திரம் குறித்த நேரத்தினும் மிக விரைந்து ஓடினால், அதன் எண்ணைச் சங்கம் உயர்த்துகின்றதே, பிழை தானே திருந்தாதோ என்பர். திருந்தலாம், ஆயினும் திருந்துமுன் பட்டங்கள் கைமாறிவிடுகின்றன. எண் உயரும் என்றஞ்சி, முடிவுக்கோட்டுக்கு முன்னரே தடையை அழுத்தி விரைவை மறைப்பாரும் உளர். அன்றியும், ஒருவன் இரவு பகலாக உழைத்துப் பெற்ற விரைவுக்காக, அதே எந்திரம் உடைய ஏழை ஒருவனின் எண்ணும் சேர்ந்து உயர்கின்றது.

பிந்திய திருத்தம் எத்தகையது என்பதை ஓர் ஆசிரியனாக நான் அறிவேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரேயொரு தேர்வின் புள்ளியைக் கொண்டு ஒரு வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். அன்று காய்ச்சலோடு எழுதிய மாணவன் ஒருவன் இரண்டாம் பிரிவிற் போய்ச் சேர்ந்தான். ஆண்டு முடிவிற் பிழையுணர்ந்து அவனை முதற்பிரிவுக்கு மாற்றினேன். அதற்குள் அவன் தன்னை இரண்டாந் தரத்தான் என்று நம்பத் தொடங்கியிருந்தான். ஏட்டில் எண்ணைத் திருத்தினேன். அவன் நெஞ்சில் திருத்த நெடுநாள் சென்றது. 1971ஆம் ஆண்டிற் பல்கலைக்கழக அனுமதியிற் புகுந்த தரப்படுத்தலின் கதையை மூத்தோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர் நாம். அளவுகோல் யார் கையில் உள்ளது என்னும் வினாவின் கனத்தை நமக்கு எவரும் உணர்த்த வேண்டியதில்லை.

இது கடல் கடந்தோரின் விளையாட்டு, நமக்கு என்ன என்று எண்ணற்க. இலங்கையில் மின்கார்களுக்கு மோட்டாரின் வலுவை நோக்கியே வரி விதிக்கப்படுகின்றது. 2025ஆம் ஆண்டில், இறக்குமதியான மின்கார்களின் வலு 100 கிலோவாற்றா 150 கிலோவாற்றா என்னும் ஐயத்தாற் சுங்கத் திணைக்களம் அவற்றைத் தடுத்துவைத்தது; வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. எத்தரப்பு மெய் என்பதன்று ஈண்டு என் கருத்து. இந்நாட்டுக் கார்ப் பந்தயங்களிற் பிரிவுகள் பெரும்பாலும் எந்திரத்தின் கனவளவைக் கொண்டே வகுக்கப்படுகின்றன. உருளையே இல்லாத மின்கார் கோட்டில் வந்து நிற்கும் நாளில், நம்மவரும் வலுவையே அளக்க வேண்டிவரும்; நண்பரின் முறையீடு நம் வாயிலையும் தட்டும்.

ஆகவே செய்யத்தக்கன மூன்று. முதலாவது, புதிய காரின் வலுவை, அதனாற் பயன் பெறாத நடுவர் வலுமானியில் வைத்து அளந்தபின்னரே பிரிவிற் சேர்த்தல் வேண்டும். இரண்டாவது, ஐயம் உண்டாயின் முதலில் எண்ணைக் கூட்டி எழுதிப் பின்னர்ச் சான்று கண்டு குறைத்தல் வேண்டும். மெய்ப்பிக்கும் கடமை புதிதாக வருபவனுடையதேயன்றி, முன்னரே நின்றவனுடையதன்று. மூன்றாவது, எந்திரத்தின் வலுவுக்கு எண் இடுக. மனிதனின் உழைப்புக்கு எண் இடற்க. வலுமானி வேறுபடாதிருக்க நேரம் மட்டும் குறைந்தால், அது கைத்திறனின் ஊதியம்; அதனைப் பறித்தல் தகாது.

நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் சான்றோர்க்குத் துலாக்கோலை உவமை கூறினார். கோல் தானே நிறுத்துக் கொள்ளாது. நிறுக்கப்படும் பொருளும் கோலைத் தன் கையில் ஏந்தலாகாது. பழைய மாணவர்களாகிய நம்முட் பொறியியலாளரும் நடுவரும் அதிகாரிகளும் பலர் உளர். நம் கைக்குக் கோல் வரும்போது அதனை அவ்வாறே பிடிப்போமாக.