பிள்ளை பார்க்கும் அக்காவுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

காலை ஆறே கால் மணி. கிள்ளானில் இன்னும் விடியவில்லை. ஒரு தோளில் ஆபீஸ் பை, இன்னொரு தோளில் தூங்கும் பிள்ளை, கையில் பேம்பர்ஸும் பால் புட்டியும் வைத்த கூடை. பக்கத்து வரிசை வீட்டு கேட்டைத் திறந்தால் அக்கா விளக்கைப் போட்டுக் காத்திருப்பார். "குடும்மா, நீ ஓடு, ரயிலு போயிடப் போவுது" என்பார். பிள்ளையைக் கை மாற்றிவிட்டு கொமியூட்டர் நிலையத்துக்கு ஓடுவேன். கேஎல் சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸ் வழியாக வேலை இடத்துக்கு நடந்து சேரும்போது மணி எட்டரை ஆகிவிடும்.

நான்கு ஆண்டுகள் இப்படித்தான் ஓடின. முதல் மாதம் அக்கா கேட்டது 350 ரிங்கிட். நான்காம் ஆண்டின் கடைசி மாதம் நான் கொடுத்ததும் அதே 350 ரிங்கிட்தான். இடையில் என் சம்பளம் மூன்று முறை ஏறியது. கோழி, முட்டை, அரிசி எல்லாமே விலை ஏறின. அக்கா வாயைத் திறந்து கேட்கவில்லை, நானும் கேட்காமல் இருந்துவிட்டேன். தீபாவளிக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்து மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். "அடுத்த மாசம் வேற ஆள் பாத்துக்கம்மா. எனக்கு ஃபேக்டரியில வேலை கெடச்சிருக்கு. சொக்சோ, இபிஎஃப் எல்லாம் புடிக்கிறாங்க." என் பிள்ளை அழுதான், அக்காவும் அழுதார். அடுத்து நாங்கள் போன பராமரிப்பு மையத்தில் கட்டணம் இரு மடங்கு. அங்கே கூடுதலாகக் கட்டியதில் பாதியையாவது முன்பே அக்காவுக்கு ஏற்றிக் கொடுத்திருந்தால் அவர் போயிருக்க மாட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது.

இந்த வாரம் அந்தக் கணக்கைத்தான் பேசப் போகிறோம். பிள்ளை பார்க்கும் அக்காமார்களும் படியுங்கள், பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் தங்கைகளும் படியுங்கள்.

ஆயாக் கொட்டகை போன பிறகு

நம் பாட்டிமார் காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போகும் தாய், பிள்ளையை ஏணையில் போட்டுவிட்டு பால் வெட்டப் போவாள். ஆயாவுக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகம். தோட்டத் தொழிலாளர் வசதிகள் பற்றிய 1990 சட்டத்திலும் குழந்தைப் பராமரிப்பு இல்லத்துக்குத் தனிப் பகுதி இருக்கிறது. தாய் வேலை செய்ய வேண்டுமானால் பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பது அன்றைய துரைக்கும் புரிந்திருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் கிள்ளான், காப்பார், பூச்சோங் என்று தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிவந்த பிறகு, அந்தச் செலவு முழுவதும் பெற்றோர் தலையில் விழுந்தது. ஆயா இருந்த இடத்தில் இன்று பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறார். அவருக்குச் சம்பளம் நிர்ணயிக்க நிர்வாகமும் இல்லை, சங்கமும் இல்லை. "பக்கத்துத் தெருவுல எவ்ளோ வாங்குறாங்க?" என்று கேட்டு, அதில் ஐம்பது குறைத்துச் சொல்வதுதான் நம் வழக்கம். பக்கத்துத் தெரு அக்காவும் அப்படித்தான் தன் கட்டணத்தை முடிவு செய்திருப்பார்!

நோட்டும் பேனாவும் எடுங்கள்

ஓர் எடுத்துக்காட்டு. ஓர் அக்கா தன் வீட்டில் நான்கு பிள்ளைகளைப் பார்க்கிறார். ஒரு பிள்ளைக்கு மாதம் 450 ரிங்கிட் என்றால் வரவு 1,800. கேட்க நல்ல வருமானம்தான். இப்போது செலவைப் பாருங்கள்.

காலைப் பசியாறல், மதியச் சோறு, மாலையில் பிஸ்கட், பழம். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 5 ரிங்கிட் என்று வையுங்கள். 22 நாளுக்கு நான்கு பிள்ளைகளுக்கும் சேர்த்து 440 ரிங்கிட். பகல் முழுக்க ஓடும் காற்றாடி, ஏர்கான், தண்ணீர், கேஸ், சோப்பு எல்லாம் சேர்த்துக் கூடுதலாக 200. உடையும் விளையாட்டுப் பொருள், கிழியும் மெத்தை, புத்தகம், மருந்துப் பெட்டிக்கு 100. ஆக 740. கையில் நிற்பது 1,060 ரிங்கிட்.

நேரத்தையும் எண்ண வேண்டும். காலை ஏழு மணிக்கு வரும் பிள்ளை மாலை ஆறரைக்குப் போகிறது. நாளுக்குப் பதினொன்றரை மணி நேரம், 22 நாளுக்கு 253 மணி நேரம். 1,060-ஐ 253 ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 4 ரிங்கிட் 19 காசு.

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஆகஸ்ட் 1 முதல் எல்லா முதலாளிகளுக்கும் மாதம் 1,700 ரிங்கிட் ஆனது. மணிக் கணக்கில் அது 8 ரிங்கிட் 17 காசு. வீட்டில் சுயமாகப் பிள்ளை பார்ப்பவரை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனால் அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம் அல்லவா? உயிருள்ள நான்கு பிள்ளைகளைப் பார்ப்பவருக்கு, கடையில் அலமாரி அடுக்கும் புது ஊழியரின் கூலியில் பாதிதான் கிடைக்கிறது.

சரி, அதே கூலியைக் கொடுப்பதென்றால்? 253 மணிக்கு 2,067 ரிங்கிட், செலவு 740. மொத்தம் 2,807. நான்கால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய 700 ரிங்கிட்.

இதைப் படிக்கும் தங்கைக்கு நெஞ்சு அடைக்கும். எனக்குத் தெரியும். இரண்டு பிள்ளை என்றால் 1,400. குறைந்தபட்சச் சம்பளத்தில் இருப்பவருக்கு மீதி 300 ரிங்கிட். அதில் பயணச் செலவும் சாப்பாடும் போனால் வேலைக்குப் போவதே வீண் என்று தோன்றும். பலர் வேலையை விடுவது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான். அக்கா கேட்பதும் நியாயம், தங்கை தவிப்பதும் நியாயம். வெறும் பேரத்தால் இது தீராது. கட்டணத்தைக் கட்டும் முறையை மாற்றினால் ஓரளவு தீரும்.

நேரத்துக்கு எல்லை, வயதுக்கு ஏற்ற கட்டணம்

முதலில் நேரம். மாதக் கட்டணம் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு என்று வையுங்கள். 220 மணிக்கு 1,797 ரிங்கிட், செலவோடு சேர்த்து 2,537. ஒரு பிள்ளைக்குச் சராசரி 635 ரிங்கிட். அதற்கு மேல் நேரம் தேவைப்படுகிறவர் அந்த நேரத்துக்கு மட்டும் கூடுதலாகக் கொடுக்கட்டும். கணவர் காலையில் விட்டு, மனைவி மாலையில் எடுக்கும்படி வேலை நேரத்தை அமைத்துக்கொள்ள முடிந்த குடும்பம் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தும். அப்படி முடியாதவரின் கூடுதல் நேரச் செலவு மற்ற மூவர் மேல் விழாது.

அடுத்து வயது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றால் ஒரு பராமரிப்பாளர் மூவரை மட்டும் பார்க்கலாம், ஒன்று முதல் மூன்று வயது வரை ஐவர், மூன்று முதல் நான்கு வயது வரை பத்துப் பேர் என்பது பராமரிப்பு மையங்களுக்கு நம் நாட்டு விதி. கைக்குழந்தைக்குக் கூடுதல் கட்டணம் ஏன் என்று யாராவது கேட்டால் இதைக் காட்டுங்கள். மேலே சொன்ன வீட்டில் கைக்குழந்தை ஒன்று, நடக்கும் பிள்ளை மூன்று என்றால் 750, 600, 600, 600 என்று பிரிக்கலாம். கைக்குழந்தை வளர்ந்து நடக்க ஆரம்பித்ததும் அதன் கட்டணம் குறையும். பெற்றோருக்கும் அது ஓர் ஆறுதல்.

சாப்பாட்டைத் தனியாகப் பிரிப்பது இன்னொரு வழி. பால் மாவு, பேம்பர்ஸ் எப்படியும் பெற்றோர் தருவதுதான். காலைப் பசியாறலை வீட்டிலேயே கொடுத்தனுப்ப முடிந்தால் அதற்கேற்பக் குறைக்கலாம். அண்ணன், தம்பி இருவர் வந்தால் இரண்டாம் பிள்ளைக்குப் பத்து விழுக்காடு குறைப்பது நல்ல வழக்கம். ஆனால் குறைக்கும் முன் ஒரு முறை கணக்குப் போடுங்கள். மனம் இளகி முப்பது விழுக்காடு குறைத்துவிட்டால், அந்தப் பிள்ளையின் சோறு அக்காவின் கையிலிருந்து போகும்.

பதிவு செய்தால் யாருக்கு லாபம்?

குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் 1984-இல் வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கட்டணத்துக்குப் பார்த்தால் அது தாஸ்கா. சமூக நல இலாகாவில் பதிவு செய்ய வேண்டும். பத்துக்குக் குறைவான பிள்ளைகள் என்றால் வீட்டிலேயே நடத்தும் தாஸ்கா என்ற வகையில் வரும்.

"பதிவெல்லாம் பெரிய தொல்லைம்மா" என்று நிறைய அக்காமார்கள் ஒதுங்குகிறார்கள். பயிற்சி, வீட்டுப் பாதுகாப்பு, பாரங்கள் என்று வேலை இருப்பது உண்மைதான். ஆனால் பெற்றோர் பக்கம் ஒரு கணக்கு இருக்கிறது. பதிவு பெற்ற தாஸ்காவுக்கோ பாலர் பள்ளிக்கோ கட்டும் பணத்துக்கு, ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்காக ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உண்டு. பெற்றோரில் ஒருவர் இதைக் கோரலாம். 11 விழுக்காடு வரிப் படியில் இருப்பவருக்கு 330 ரிங்கிட் மிச்சம். மாதக் கட்டணம் 25 ரிங்கிட் ஏறினால் ஆண்டுக்கு 300. ரசீது கொடுக்கும் அக்கா, ரசீது இல்லாத அக்காவைவிட 25 ரிங்கிட் கூடுதலாகக் கேட்டாலும் இந்தப் பெற்றோருக்கு நட்டமில்லை.

எழுதி வையுங்கள், மனஸ்தாபம் வராது

நம்மிடையே பணப் பேச்சு என்றால் ஒரு கூச்சம். "நம்ம புள்ள மாதிரி" என்று ஆரம்பித்து, கடைசியில் முகம் பார்க்காமல் பிரிந்த வீடுகள் உண்டு. ஒரே ஒரு தாளில் கீழே உள்ளவற்றை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

மாதக் கட்டணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் தர வேண்டும்.

காலை எத்தனை மணி, மாலை எத்தனை மணி. கால் மணி நேரத் தாமதம் பரவாயில்லை, அதன் பிறகு ஒவ்வோர் அரை மணிக்கும் 5 ரிங்கிட். ரயில் கோளாறு, ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசல் எதுவானாலும் இதுதான். அக்காவின் வீட்டிலும் உலையில் அரிசி போட வேண்டும்.

பிள்ளை வராத நாளுக்குக் கட்டணம் கழியாது. நீங்கள் பணம் கட்டுவது அந்த இடத்துக்காக.

அக்காவுக்கும் விடுமுறை உண்டு. பொது விடுமுறை தவிர ஆண்டுக்குப் பத்து நாள் என்று பேசி வையுங்கள். எந்த நாள் என்பதை அவர் ஒரு மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

காய்ச்சல், கை கால் வாய் நோய் கண்ட பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டும். ஒரு பிள்ளை கொண்டுவந்தால் நான்கு பிள்ளைக்கும் பரவும்.

நிறுத்துவதென்றால் இரு தரப்பும் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும். கட்டணத்தை ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே மாதத்தில் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

கடைசி வரிதான் எனக்கு அன்று இல்லாமல் போனது. அது தாளில் இருந்திருந்தால் அக்கா கூச்சப்படாமல் கேட்டிருப்பார். ஆண்டுக்கு இருபது, முப்பது ரிங்கிட் என்று ஏறினால் பெற்றோரும் சமாளிப்பர். நான்கு ஆண்டு பொறுத்துவிட்டு ஒரே மாதத்தில் 150 ஏற்றினால்தான் சண்டை வரும்.

அக்காவின் நாளை

அக்காமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. என் அக்காவை ஃபேக்டரிக்கு இழுத்தது சம்பளம் மட்டும் அல்ல, சொக்சோவும் இபிஎஃப்பும்தான். அவை வீட்டிலிருப்பவருக்கும் உண்டு. ஊழியர் சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் நீங்களே பணம் கட்டினால், அரசு அதற்கு 20 விழுக்காடு சேர்த்துப் போடுகிறது. ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை கிடைக்கும். இல்லத்தரசிகளுக்கான சொக்சோ பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது, அதற்குச் சந்தா ஆண்டுக்கு 120 ரிங்கிட். இந்த இரண்டையும் உங்கள் செலவுக் கணக்கில் எழுதிய பிறகே கட்டணத்தைச் சொல்லுங்கள். "ஏன் இவ்வளவு?" என்று கேட்டால் நோட்டைத் திறந்து காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகு பேரம் பேசப் பலருக்கு மனம் வராது.

பிள்ளையை விடும் தங்கைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த மாதச் சம்பளம் வந்ததும் அக்காவிடம் நீங்களே கேளுங்கள்: "அக்கா, கட்டணம் கட்டுப்படியாவுதா? ஏத்தணும்னா சொல்லுங்க, பேசுவோம்." என் அக்காவைப் போன மாதம் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பார்த்தேன். பிள்ளையைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார். அவன் இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்டான் என்றேன். "சாயங்காலம் கூட்டிட்டு வாம்மா" என்றார். வருகிற ஞாயிறு போகிறோம்.