அப்பாவுக்கு வராத ஓட்டுச் சீட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. வங்கி அதிகாரி அரசியல் கட்சியில் இருக்கக் கூடாது என்று எங்கள் நடத்தை விதி சொல்கிறது, அதை மீறும் தைரியமும் எனக்கு இல்லை. ஆனால் நான் ஒரு தொண்டனின் மகன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். உடன்பிறப்புகள் குஷியாகி விசிலடிக்க வேண்டாம். ரத்தத்தின் ரத்தங்கள் ஆட்டோ அனுப்பவும் வேண்டாம், ஆர்.கே.புரம் வரைக்கும் மீட்டர் எக்கச்சக்கமாக ஆகும் :-)

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலை மந்திர் போய் முருகனைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் திண்டுக்கல்லில் இருந்து அப்பாவின் போன் வந்துவிடும். பேரன் பரீட்சை, டெல்லிக் குளிர் எல்லாம் இரண்டு நிமிஷம். அப்புறம் கட்சிதான். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலை முதன்முதலாக நின்றபோது, பூட்டுப் பட்டறையில் வேலை முடிந்து ராத்திரியெல்லாம் சுவரில் இலை வரைந்தவர் அவர். மாயத்தேவர் ஜெயித்த கதையை எனக்குத் தாலாட்டாகவே பாடியிருப்பார் என்று அம்மா கிண்டல் செய்வார்.

2023 மார்ச் மாதக் கடைசியில் ஒரு போன் வந்தது. அன்றைக்கு ஞாயிறு இல்லை.

"தம்பி, பொதுச்செயலாளர் தேர்தல் முடிஞ்சிருச்சாம்ல? அடிப்படை உறுப்பினர்தான் தேர்ந்தெடுக்கணும், பழனிசாமிய தேர்ந்தெடுத்தாச்சுங்கறான் டி.வி.யில. எனக்கு ஓட்டுச் சீட்டே வரலையேடா?"

"போட்டியில்லாம ஜெயிச்சுட்டாருப்பா. வேற யாரும் மனு போடலை."

"போட்டியில்லாம போறதுக்கு இது என்ன கூட்டுறவு சங்கமா? இம்புட்டுப் பெரிய கட்சியில ஒருத்தனுக்குமா ஆசை வரலை?"

பதில் சொல்லத் தெரியாமல் பேச்சை மாற்றினேன். அன்றைக்குச் சொல்லாத பதில்தான் இந்தப் பதிவு.

பழனிசாமியா பன்னீர்செல்வமா, சசிகலாவைச் சேர்க்கலாமா கூடாதா, தினகரன் என்ன ஆனார் என்று டெல்லித் தமிழர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு ஓடும். என்னைக் கேட்டால் இது எல்லாமே தப்பான கேள்வி. என் அப்பாவின் ஓட்டை யார் எடுத்தார்கள் என்பதுதான் சரியான கேள்வி. சண்டை போட்ட அத்தனை பேரும் சேர்ந்துதான் எடுத்தார்கள் என்பது என் பதில்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆரை தி.மு.க.விலிருந்து ஏன் நீக்கினார்கள்? கட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள் சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும் என்று கேட்டதால். ஆக இது கணக்குக் கேட்டுப் பிறந்த கட்சி. காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிடப் பிடித்த பிறப்புக் கதை கிடையாது. அந்தக் கட்சியின் சட்ட விதிகளில் ஒரு விசேஷம் உண்டு. பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த விதியைத் திருத்தவும் பொதுக்குழுவுக்கு அதிகாரம் உண்டு, இந்த ஒரு விதியைத் தவிர. இதை மட்டும் தொடக் கூடாது என்று விதியிலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

எங்கள் கவுண்டரில் தினமும் நடக்கிற கதை ஒன்று. கணக்கு வைத்திருந்தவர் இறந்துவிடுவார். நாமினி வந்து, "என் பேர்தானே போட்டிருக்கு, பணம் எனக்குத்தான்" என்பார். நாங்கள் பொறுமையாக விளக்குவோம். நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்கிக்கொள்கிறவர், அவ்வளவுதான். வாரிசுகளுக்காக அதை வைத்திருக்கிறார், நாமினி என்பதாலேயே அது அவருடைய பணம் ஆகிவிடாது. நிறையப் பேருக்கு இது பிடிக்காது. சத்தம் போடுவார்கள்.

ஜெயலலிதா 2016 டிசம்பர் 5ஆம் தேதி இறந்தபிறகு நடந்தது இதேதான். பொதுக்குழு நாமினி, தொண்டன் வாரிசு. நாமினி சொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார், வாரிசு இன்னும் வாசலில் டோக்கனோடு நிற்கிறார்.

வரிசையாகப் பாருங்கள். 2016 டிசம்பர் 29: சசிகலாவைத் தற்காலிகப் பொதுச்செயலாளராகப் பொதுக்குழு நியமித்தது. 2017 பிப்ரவரி 5: முதல்வர் பதவியை ராஜினாமா செய்த பன்னீர்செல்வமே சசிகலாவைச் சட்டமன்றக் கட்சித் தலைவராக முன்மொழிந்தார். இரண்டே நாளில் மெரினாவில் அம்மா சமாதி முன் கண்ணை மூடி உட்கார்ந்து தர்மயுத்தம் தொடங்கினார். பிப்ரவரி 14 சொத்துக் குவிப்புத் தீர்ப்பு வந்தது. சிறைக்குப் போகும் முன் சசிகலா கைகாட்டிய பழனிசாமி 16ஆம் தேதி முதல்வரானார். ஆகஸ்ட் 21 அன்று தர்மயுத்தக்காரரும் அவரும் கைகோத்துக்கொண்டார்கள். செப்டம்பர் 12 பொதுக்குழு சசிகலாவின் நியமனத்தை ரத்து செய்தது.

அதோடு நின்றிருந்தால் பாராட்டியிருப்பேன். ஆனால் அதே பொதுக்குழு பொதுச்செயலாளர் பதவியையே ஒழித்தது. ஜெயலலிதா நிரந்தரப் பொதுச்செயலாளராம், அதனால் அந்த நாற்காலியில் இனி யாரும் உட்கார முடியாதாம். கேட்க பக்தியாகத்தான் இருக்கிறது. நடந்தது என்ன? நாற்காலி போனதும் அதற்குப் போடும் ஓட்டும் போனது. தொடக் கூடாத விதி என்றார்களே, அதைத் தொட்டவர் ஒருவரல்ல, இருவர். இரண்டு கையெழுத்துமே அதில் இருக்கிறது.

2022இல் பன்னீர்செல்வம் தொண்டர்களின் உரிமை, எம்.ஜி.ஆர். வகுத்த விதி என்று கோர்ட் கோர்ட்டாக ஏறியபோது எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஐந்து வருஷம் ஒருங்கிணைப்பாளராக இருந்தபோது அந்த விதி எங்கே போனது?

இரட்டைத் தலைமையைப் பற்றி வங்கிக்காரனாக ஒரு வார்த்தை. ஜாயிண்ட் அக்கவுண்டில் இரண்டு வகை உண்டு. இருவரில் யார் கையெழுத்துப் போட்டாலும் பணம் எடுக்கலாம் என்பது ஒன்று, இருவரும் சேர்ந்து போட்டால்தான் எடுக்கலாம் என்பது மற்றொன்று. கட்சி இரண்டாவது வகையைத் தேர்ந்தெடுத்தது. வேட்பாளருக்கு இரட்டை இலை கிடைக்க இருவர் கையெழுத்தும் வேண்டும். நல்லபடியாக இருக்கும் வரை இது ஓடும். சண்டை வந்தால் கணக்கு முடங்கும். ஆகவே ஒற்றைத் தலைமை வேண்டும் என்று பழனிசாமி தரப்பு கேட்டது நியாயம்தான். நாலு வருஷம் ஆட்சியைக் கவிழாமல் நடத்தியவர், 2021இல் தோற்றாலும் 66 இடங்களை வாங்கியவர், பொதுக்குழுவில் பெரும்பான்மை அவர் பக்கம். இதையெல்லாம் மறுக்கவில்லை.

ஆனால் அதைச் செய்த விதம் இருக்கிறதே! 2021 டிசம்பரில் இரு தலைவர்களையும் அடிப்படை உறுப்பினர்கள் ஒரே ஓட்டில் தேர்ந்தெடுக்கலாம் என்று விதியை மாற்றி, போட்டியின்றி வென்றதாக அறிவித்துக்கொண்டார்கள். (அப்போதும் அப்பாவுக்குச் சீட்டு வரவில்லை.) ஆறே மாதத்தில், பொதுக்குழு ஒப்புதல் இல்லாததால் அந்தப் பதவிகளே காலாவதி என்று ஒரு தரப்பு வாதிட்டது. 2022 ஜூன் 23 பொதுக்குழுவில் 23 தீர்மானங்களும் நிராகரிக்கப்பட்டன, பன்னீர்செல்வத்தை நோக்கித் தண்ணீர் பாட்டில் பறந்தது. மூன்று முறை முதல்வராக இருந்தவருக்குச் சொந்தக் கட்சி மேடையில் கிடைத்த மரியாதை. ஜூலை 11 வானகரத்தில் பழனிசாமி இடைக்காலப் பொதுச்செயலாளர், பன்னீர்செல்வம் நீக்கம். அதே காலையில் ராயப்பேட்டை தலைமை அலுவலகத்தில் கல்வீச்சு, கதவு உடைப்பு, கடைசியில் அதிகாரிகள் வைத்த சீல்.

ஆக, நிரந்தரம் என்று சொல்லி 2017இல் மூடிய பதவி 2022இல் திறந்துகொண்டது. தேவைப்பட்டபோது பூட்டு, தேவைப்பட்டபோது சாவி. திண்டுக்கல் பூட்டுக்குக்கூட இந்த வித்தை தெரியாது.

உறுப்பினர் ஓட்டைத் திரும்பக் கொடுத்துவிட்டோமே என்பார்கள். கொடுத்தார்கள், ஆனால் எப்படி? பொதுச்செயலாளர் பதவிக்கு நிற்பவர் ஐந்து வருஷம் தலைமைக் கழக நிர்வாகியாக இருந்திருக்க வேண்டும். பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்து மாவட்டச் செயலாளர்கள் வழிமொழிய வேண்டும். மாவட்டச் செயலாளரை வைப்பதும் எடுப்பதும் யார்? தலைமை. கடன் கேட்டு வருபவரே ஜாமீன்தாரருக்குச் சம்பளம் கொடுப்பது மாதிரி. எங்கள் கிளையில் இப்படி ஒரு ஃபைல் வந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவோம். அப்பா கேட்ட "ஒருத்தனுக்குமா ஆசை வரலை?"க்குப் பதில் இதுதான். ஆசை வந்திருக்கும், இருபது கையெழுத்து வராது.

உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். 2023 பிப்ரவரி 23 தீர்ப்பு ஜூலை 11 கூட்டம் பற்றிய உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் உத்தரவை உறுதி செய்தது. தீர்மானங்கள் சரியா தப்பா என்பதற்குள் போகவில்லை, அதை நிலுவையிலிருந்த வழக்குகளுக்கு விட்டுவிட்டது. சரி, சட்டம் ஒத்துக்கொண்டதாகவே வைத்துக்கொள்வோம். சட்டப்படி செல்லும் என்பதும் தொண்டன் தேர்ந்தெடுத்தான் என்பதும் ஒன்றல்ல.

ஒரே கட்சிக்குள் ஒரே குற்றத்துக்கு எத்தனை தராசு என்றும் பாருங்கள். 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் பழனிசாமி அரசுக்கு எதிராகவே ஓட்டுப் போட்டது பன்னீர்செல்வத்தோடு சேர்த்து 11 எம்.எல்.ஏ.க்கள். அவர்கள் பதவி போகவில்லை, தலைவருக்குத் துணை முதல்வர் பதவியே கிடைத்தது. முதல்வருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் மட்டும் கொடுத்த தினகரன் ஆதரவாளர்கள் 18 பேர் அதே செப்டம்பரில் தகுதி நீக்கம். எனக்கு தினகரன் மேல் எந்தப் பிரியமும் இல்லை. ஆனால் கட்சிக்குள் நியாயம் என்பது யார் வேண்டியவர் என்பதைப் பொறுத்தது என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

டெல்லிவாசிகளான நமக்கு இதில் தனி வருத்தம் ஒன்று உண்டு. இந்தக் குடும்பச் சண்டை எல்லாமே கடைசியில் நம் ஊருக்குத்தான் வந்தது. 2017இல் அசோகா ரோடு தேர்தல் கமிஷனுக்குப் பெட்டி பெட்டியாகப் பிரமாணப் பத்திரங்கள் வந்திறங்கின. 2025 மார்ச்சில் சாகேத்தில் கட்டிய புதுக் கட்சி அலுவலகத்தைப் பார்க்க வந்ததாகச் சொன்ன பழனிசாமி, இரவில் அமித் ஷா வீட்டில் இருந்தார். 2023 செப்டம்பரில் முறிந்த கூட்டணி 2025 ஏப்ரலில் திரும்ப வந்தது. அந்தச் செப்டம்பரில் மறுபடி அமித் ஷாவைப் பார்த்துவிட்டு முகத்தைக் கைக்குட்டையால் மூடியபடி காரில் போனார் என்று ஊரே சிரித்தது. முகத்தைத் துடைத்தேன் என்று அவர் விளக்கம் சொன்னார். இருக்கட்டும். கூட்டணி யாரோடு வேண்டுமானாலும் வைக்கட்டும். தொண்டனிடம் அதிகாரம் வாங்காத தலைவர் வேறெங்காவது போய்த்தான் அதை வாங்க வேண்டியிருக்கும். என் கவலை அது.

செங்கோட்டையன் கதையும் இதில் அடக்கம். 1977இலேயே எம்.எல்.ஏ. ஆனவர். 2025 செப்டம்பர் 5 கோபியில் பிரிந்தவர்களைச் சேர்க்கப் பத்து நாள் கெடு விதித்தார். மறுநாளே பொறுப்புகள் பறிபோயின, அக்டோபர் கடைசியில் கட்சியிலிருந்தே நீக்கம், நவம்பரில் த.வெ.க. கணக்குக் கேட்டவரை 1972இல் நீக்கினார்கள். ஒற்றுமை கேட்டவரை 2025இல் நீக்கினார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவரும் தலைவர்களைச் சேர்க்கத்தான் கேட்டார். தொண்டனுக்கு ஓட்டுக் கொடு என்று அவரும் கேட்கவில்லை.

எல்லோரும் 1989ஐ உதாரணம் காட்டுகிறார்கள். ஜானகி அணி, ஜெயலலிதா அணி பிரிந்து தோற்றன, சேர்ந்ததும் ஜெயித்தன என்று. பாதிக் கதை. அந்த ஒற்றுமையை எந்தத் தூதரும் பேசி முடிக்கவில்லை. சேவல் சின்னத்துக்கு 27 இடம், இரட்டைப் புறாவுக்கு 2 இடம் என்று ஜனங்கள் எண்ணிக் காட்டினார்கள். ஜானகி அம்மாள் மறுபேச்சில்லாமல் ஒதுங்கினார். முதலில் எண்ணிக்கை, பிறகு ஒற்றுமை. 2017 இணைப்பு எண்ணாமலே செய்த ஒற்றுமை, ஐந்து வருஷம்கூடத் தாங்கவில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை. ஒரு காலத்தில் இரட்டை இலைக்குக் கையெழுத்துப் போட்டவர் ராமநாதபுரத்தில் பலாப்பழத்தில் நின்று தோற்றார். அவருக்குப் பின்னால் மூன்றாம் இடத்தில் இரட்டை இலை. எனக்கு இந்தக் கட்சி மேல் காதல் இல்லை, ஆனாலும் அன்றைக்கு அப்பாவுக்குப் போன் போட மனசு வரவில்லை.

ஆகவே இன்று அந்த நாற்காலியில் யார் இருந்தாலும், நாளை யார் வந்தாலும் என் கோரிக்கை ஒன்றுதான். இருபது மாவட்டச் செயலாளர் கையெழுத்து என்ற பூட்டை எடுங்கள். உறுப்பினர் பட்டியலை வெளியிடுங்கள். இரண்டு கோடிப் பேர் என்று மேடையில் சொன்னீர்களே, அவர்கள் கையில் ஆளுக்கொரு ஓட்டுச் சீட்டைக் கொடுங்கள். பழனிசாமியே அமோகமாக ஜெயித்தாலும் ஜெயிக்கலாம், அப்போது அவரைக் கேள்வி கேட்க எவனாலும் முடியாது. மற்ற கட்சிகள் மட்டும் என்ன ஒழுங்கா என்று கேட்காதீர்கள். இல்லைதான். அம்மா காலத்திலும் போட்டி இல்லைதான். ஆனால் தொடக் கூடாத விதி என்று இதை எழுதி வைத்தது இந்தக் கட்சி. எழுதியவன்தானே பதில் சொல்ல வேண்டும்?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா பீரோவைத் திறந்து உறுப்பினர் அட்டைகளைக் காட்டினார். பழசு ஒன்று மஞ்சளாகி ஓரம் கிழிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் காசு கட்டிப் புதுப்பித்தது எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு இருக்கிறது.

"இத வச்சு ஒரு தடவையாச்சும் ஓட்டுப் போட்டிருக்கீங்களாப்பா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "வரும்டா" என்று சொல்லி ரப்பர் பேண்டை மறுபடி போட்டுப் பீரோவுக்குள் வைத்துவிட்டார்.

பி.கு: அப்பா இதைப் படிக்க மாட்டார். படித்துக் காட்டினால், தலைவர் கட்சியைப் பற்றி இப்படியா எழுதுவது என்று கோபித்துக்கொள்வார். திண்டுக்கல் பக்கத்துச் சொந்தபந்தங்கள் யாரும் அவரிடம் போட்டுக்கொடுக்க வேண்டாம் :-)