மகள் பிரசவத்துக்குப் பறக்கும் அம்மாக்களுக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமியின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பேறுகால வேளையில் தாய் வந்து சேராத பெண்ணுக்கு ஈசனே தாயாக வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். இன்றைக்கு மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள், அமெரிக்காவில் இருக்கிறாள். ராஜபாளையத்து அம்மா பிரசவ லேகியமும் கையுமாக விமானம் ஏறுகிறாள். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே! டிக்கெட் எடுக்கும்போதே யோசித்தால்தான் அது நடக்கும்.

"மதுரை டு சென்னை ஒரு டிக்கெட், அங்கிருந்து தனியாக இன்னொன்று எடுத்தால் மலிவும்மா" என்பார்கள் பிள்ளைகள். மலிவுதான். ஆனால் சங்கதி இருக்கிறது.

இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும், வேறு விமானத்தில் அனுப்பி வைப்பது கம்பெனியின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் அந்தப் பேச்சே கிடையாது. 'பயணி வரவில்லை' என்று எழுதி விடுவார்கள். பெரும்பாலும் போன காசு போனதுதான். அதே டிக்கெட்டில் உள்ள திரும்பும் பயணமும் ரத்தாகி விடும்.

தனித்தனியாகத்தான் எடுப்பது என்றால் இவற்றைக் கவனியுங்கள்:

1. மதுரையில் போட்ட பெட்டி சென்னையோடு நின்று விடும். நீங்களே எடுத்துப் பன்னாட்டு முனையத்துக்குத் தள்ளிப் போய், மறுபடி எடை போட வேண்டும். அந்தக் கவுண்டரை விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே மூடி விடுவது வழக்கம். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு மணி நேரமாவது விடுங்கள். மதுரையிலிருந்து அன்றைய கடைசி விமானத்தை நம்ப வேண்டாம்.

2. அதைவிட நிம்மதி, முதல் நாள் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ். காலையில் தாம்பரத்தில் இறங்கினால் மின்சார ரயிலில் திரிசூலம். எதிரேயே விமான நிலையம். ராத்திரி விமானத்துக்குப் பகல் முழுக்கக் கையில் இருக்கும்.

3. 15-ஆம் தேதி 00.30 மணி என்று போட்டிருந்தால், 14-ஆம் தேதி ராத்திரியே போய் நிற்க வேண்டும். இதில் ஏமாறுகிறவர்கள் நிறைய.

4. வெளிநாட்டில் விமானம் மாறுவதானால், பெட்டியை எடுக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டி வரலாம். அதற்கு விசா வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே ஏற்ற மாட்டார்கள்.

5. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். விமானம் தவறினால் ஒரு நாள் கூடுதலாக ஆகுமே!

முக்கியமாக, டாக்டர் சொன்ன தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே போய்ச் சேருங்கள். குழந்தை நாள் பார்த்து வருவதில்லை.

பிள்ளைகள் மலிவு என்று சொன்னால் ஒன்று மட்டும் கேளுங்கள்: "மிச்சம் எவ்வளவு? தவறினால் கடைசி நேரத்தில் புது டிக்கெட் எவ்வளவு?" பதிலைக் கேட்டு விட்டு முடிவு செய்யுங்கள்.